ஒரு மூலக்கூறு நீரின் கணக்கு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் படிகம் வளர்ப்பது தனி மரபாகவே வேரூன்றியிருக்கிறது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், எக்ஸ் கதிரைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைப் படிக்கும் கலைக்கு இங்கே அடித்தளம் போட்டார். 1982-ல் பேராசிரியர் பி. ராமசாமியின் முன்முயற்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் பல ஊர்களுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். போன இடங்களில் ஒரு தொட்டியும் நாலு பீக்கரும் வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அப்படி உருவான ஆய்வகங்களில் ஒன்று சென்னைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் இருக்கிறது. ஒரு படிகம் கரைசலில் முளைப்பதிலிருந்து அதன் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று அங்கே போனேன்.

நீளமான அறை. சுவரோரம் கண்ணாடித் தொட்டி. அதில் நிறைந்த நீருக்குள் பீக்கர்கள் கழுத்தளவு மூழ்கி நிற்கின்றன. தொட்டி நீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர், கலக்கிக்கொண்டே இருக்க ஒரு ஸ்டர்ரர், வெப்பத்தை டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பிடித்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாத்'. மேசைக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரிகள் வரிசையாக இருந்தன. படிகம் வளர்க்கும் ஆய்வு மாணவி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பேட்டரிகளைக் காட்டிச் சொன்னார்: "கரன்ட் போனா பாத் சூடு இறங்கிடும் சார். ஒரு டிகிரி சட்டுனு இறங்கினாலே போதும், கரைசல் முழுக்கச் சின்னச் சின்னதா கொட்டிடும். அப்புறம் பெரிய படிகம் கிடைக்கவே கிடைக்காது."

அவர் வளர்த்துக்கொண்டிருந்தது எல்-அர்ஜினின் பாஸ்பேட் மோனோஹைட்ரேட். ஆய்வகத்தில் சுருக்கமாக எல்.ஏ.பி. அர்ஜினின் நம் உடலின் புரதங்களில் இருக்கும் அமினோ அமிலம். அதையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் சம மோல் அளவில் நீரில் கரைத்தால் அமிலம் தன் ஹைட்ரஜன் அயனி ஒன்றை அர்ஜினினுக்குக் கொடுத்துவிடுகிறது. அர்ஜினின் நேரயனி ஆகிறது, பாஸ்பேட் எதிரயனி ஆகிறது. இரண்டும் சேர்ந்து படிகமாகும்போது, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நீர் மூலக்கூறு என்று கணக்காக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதன் உள்ளமைப்பை 1971-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் தீர்த்துவிட்டார்கள். 1983-ல் சீனாவின் ஷாண்டாங் பல்கலைக்கழகத்தார் இந்தப் படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றும் திறனை வெளிப்படுத்திய பிறகு, உலகெங்கும் படிகம் வளர்ப்பவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். புதிதாக ஆய்வுக்கு வருபவர்களுக்கு இங்கே முதலில் இந்தத் தெரிந்த படிகத்தைத்தான் கொடுக்கிறார்கள். விடை ஏற்கெனவே இருக்கிறது. கை சரியாகப் பழகியிருக்கிறதா என்று அந்த விடையோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வளர்ப்பு வேலை பொறுமையை முழுதாகக் கேட்கிறது. கரைசலை வடிதாள் வழியே வடிகட்டி, படிகமாக்கி, மீண்டும் கரைத்து, மீண்டும் வடிகட்டித் தூய்மையாக்குகிறார்கள். அதில் தானாக முளைத்த சிறு படிகங்களில் விளிம்பு உடையாத, உள்ளே மேகம் படியாத ஒன்றை விதையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாணவி அதை மெல்லிய நைலான் இழையில் கட்டியதைப் பார்த்தேன். முடிச்சு இறுகினால் விதை விண்டுவிடும், தளர்ந்தால் கரைசலுக்குள் நழுவி விழும். இடுக்கியால் இழையைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் முடித்தார். பிறகு பாத்தின் வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற கணக்கில் இறக்குகிறார்கள்.

எல்.ஏ.பி.யின் பெரிய எதிரி பூஞ்சை. அமினோ அமிலமும் பாஸ்பேட்டும் கலந்த வெதுவெதுப்பான நீர், நுண்ணுயிர்களுக்கு வைத்த விருந்து. கரைசலின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படரும். படிகத்தின் முகத்தில் ஒட்டினால் அந்த இடம் கலங்கிவிடும். சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளிகள் சேர்க்கிறார்கள். சிலர் கரைசலின் மேல் ஹெக்சேன் படலம் ஒன்றை மிதக்கவிட்டுக் காற்றைத் தடுக்கிறார்கள். இந்த ஆய்வகத்தில் பாத்திரங்களைக் கழுவி, சூட்டு அலமாரியில் காயவைத்துத் தரும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. "பீக்கர் சுத்தமா இருந்தா பாதிப் பூஞ்சை வராது தம்பி" என்றார் என்னிடம். மாணவியின் ஆய்வேட்டில் நன்றியுரையில் அவர் பெயர் வரும் என்று சொன்னார்கள். வர வேண்டிய பெயர்தான்.

விரல் நுனி அளவுக்கு வளர்ந்த படிகத்தை வெளியே எடுத்தார்கள். வடிதாளில் ஒற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எதிரே உள்ள எழுத்து அப்படியே தெரிந்தது. எனக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றியது. மாணவியின் வழிகாட்டிப் பேராசிரியர் மறுத்தார்: "பளபளப்பு ஒரு சாட்சியே இல்லைங்க. ரெண்டு பொருளைக் கரைச்சா ரெண்டும் சேர்ந்துதான் வெளிய வரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. போட்டதுல ஒண்ணு மட்டும் அழகா வளர்ந்து நிக்கும். அதைப் புதுப் பொருள்னு எழுதிட்டா என்ன ஆகும்?"

அவர் சொன்னது இந்தத் துறை நன்கறிந்த விஷயம். கிளைசினையும் ஓர் உலோக உப்பையும் கரைத்து, வெறும் கிளைசின் படிகத்தையே புதிய சேர்மம் என்று அறிவித்த கட்டுரைகள் உண்டு. மிஷெல் ஃப்ளெக்கும் அராம் பெட்ரோசியனும் அமினோ அமில உப்புகளைப் பற்றி 2014-ல் வெளியிட்ட நூல், இப்படிப் பிழையாக அடையாளம் காணப்பட்டவற்றையும் எடுத்துப் பேசுகிறது. நீர் சம்பந்தப்பட்டால் சிக்கல் இன்னும் கூடும். ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டோ கூட்டியோ எழுதினால் வாய்பாடே வேறு பொருளுடையதாகிவிடும். ஆகவே வளர்த்த படிகத்தில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு எக்ஸ் கதிர்க் கருவி மையத்துக்குப் போனோம்.

அங்கே கருவியை இயக்குபவர் முதலில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத துணுக்கு. எண்ணெய்த் துளிக்குள் படிகத்தை வைத்துச் சவர பிளேடால் நறுக்கினார். எண்ணெய் எதற்கு என்று கேட்டேன். நீரேறிய உப்புகள் பல, காற்றுப் பட்டதும் உள்ளே உள்ள நீரை இழந்து வெளுத்துவிடும். எண்ணெய் அதைத் தடுக்கும். எல்.ஏ.பி. அவ்வளவு எளிதில் நீரை விடாது. ஆனாலும் பழக்கத்தை மாற்றுவதில்லை என்றார். பிறகு துணுக்கை முனைவாக்கிய ஒளியில் மெதுவாகச் சுழற்றினார். ஒளிர்ந்துகொண்டிருந்த துணுக்கு ஓரிடத்தில் ஒட்டுமொத்தமாகக் கறுத்தது. 90 டிகிரி திருப்பியதும் மறுபடி கறுத்தது. "முழுசும் ஒண்ணா அணையுது பாருங்க, இதுதான் ஒற்றைப் படிகம். ஒரு மூலை மட்டும் மினுக்கினா ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்." முதலில் எடுத்த இரண்டு துணுக்குகளை அவர் இந்தச் சோதனையில்தான் ஒதுக்கினார். என் கண்ணுக்கு மூன்றுமே ஒன்றுபோல இருந்தன.

தேர்ந்த துணுக்கு ஒரு நுண் வளையத்தில் ஏறி, கருவியின் நடுப்புள்ளியில் நின்றது. மாலிப்டினம் குழாயிலிருந்து வரும் 0.71 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கதிர் அதன் மேல் பட, திரையில் புள்ளிகள் தோன்றின. அந்தப் புள்ளிகளின் இடைவெளியிலிருந்து, படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய பெட்டியின், அதாவது அலகுக்கூட்டின், அளவு கிடைக்கிறது. சற்று நேரத்தில் எண்கள் வந்தன: பக்கங்கள் ஏறத்தாழ 10.85, 7.91, 7.32 ஆங்ஸ்ட்ராம், ஒரு கோணம் மட்டும் 98 டிகிரி. 1971-ன் எண்களோடு பொருந்துகிறது. மாணவியின் முகம் மலர்ந்தது. வெறும் அர்ஜினின் படிகமாக இருந்திருந்தால் இந்த எண்களே வேறாக இருந்திருக்கும்.

பொருள் அதுதான் என்று தெரிந்தாயிற்று. அதற்குள் நீர் எங்கே இருக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அடுத்த வேலை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ் மென்பொருள் உலகப் படிகவியலாளர்கள் பெரும்பாலோருடைய கணினியிலும் இருக்கும், இங்கும் அதுதான். புள்ளிகளின் செறிவுகளைக் கொடுத்தால், எலக்ட்ரான்கள் எங்கெங்கே குவிந்திருக்கின்றன என்ற வரைபடத்தை அது காட்டும். 15 எலக்ட்ரான்கள் கொண்ட பாஸ்பரஸ் உடனே தெரிந்துவிடுகிறது. பிறகு ஆக்சிஜன்கள், நைட்ரஜன்கள், கார்பன்கள். எதனோடும் நேராக ஒட்டாமல் தனியே நின்ற ஓர் ஆக்சிஜனைச் சுட்டி, "இதுதான் தண்ணி" என்றார் மாணவி.

அந்த ஆக்சிஜனின் இரண்டு ஹைட்ரஜன்களைக் கண்டுபிடிப்பதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களை மட்டுமே பார்க்கும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. உரக்கப் பேசுபவர் பக்கத்தில் முணுமுணுப்பவரின் குரலைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை. தெரிந்த அணுக்களின் பங்கையெல்லாம் கழித்த பிறகு வரைபடத்தில் எஞ்சும் சிறு மேடுகளை இவர்கள் 'க்யூ பீக்' என்கிறார்கள். பட்டியலில் க்யூ1, க்யூ2 என்று வரிசையாக வரும். அவற்றில் எது ஹைட்ரஜன், எது வெறும் இரைச்சல்? மாணவி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆக்சிஜனிலிருந்து தூரம் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான கோணம் நீருக்கு உரியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைட்ரஜன் நீட்டும் திசையில் அதை ஏற்றுக்கொள்ள ஓர் அணு இருக்க வேண்டும். ஒரு மேடு முதல் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தியது. ஆனால் அதன் எதிரே வெற்றிடம். அதை நீக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அந்த மூன்றாவது நிபந்தனைதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ இணைந்த ஹைட்ரஜன், தன் எலக்ட்ரானை அவற்றிடம் ஓரளவு பறிகொடுத்து நேர்மின் பக்கம் சாய்ந்திருக்கும். எதிரே உள்ள இன்னோர் ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணை அதை இழுக்கும். நீருக்குள் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள நேர்ப் பிணைப்பை முறிக்க மோலுக்கு 460 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 அளவே போதும். ஆனால் எண்ணிக்கை அதிகம். எல்.ஏ.பி.யில் அர்ஜினினின் ஒரு முனையில் ஐந்து, இன்னொரு முனையில் மூன்று, பாஸ்பேட்டில் இரண்டு, நீரில் இரண்டு என்று பிணைப்புக்குக் கொடுக்கத்தக்க ஹைட்ரஜன்கள் மட்டும் பன்னிரண்டு. பாஸ்பேட் அடுக்கு, அர்ஜினின் அடுக்கு என்று மாறி மாறி வரும் இந்தப் படிகத்தை ஒன்றாக நிறுத்துவது இந்தப் பிணைப்புகளின் வலைதான். நீர் மூலக்கூறு சிறியது. இரண்டு ஹைட்ரஜன்களைக் கொடுக்கவும் இரண்டை வாங்கவும் வல்லது. பெரிய அயனிகள் அடுக்கிக்கொள்ளும்போது கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கணக்கு இடிக்கும் இடத்தில் அது புகுந்து சரிசெய்கிறது. நீரேறிய உப்பில் நீரை வெளியேற்றினால் பெரும்பாலும் படிகமே குலைந்துபோவது இதனால்தான்.

மாணவி கடைசியில் தயாரித்த அட்டவணையில் நான்கே பத்திகள்: கொடுப்பவருக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள தூரம், ஹைட்ரஜனுக்கும் வாங்குபவருக்கும் உள்ள தூரம், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள தூரம், கோணம். முதல் பத்தியில் நீரின் தூரம் 0.85 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருந்தது. உண்மையான தூரம் 0.97 அளவில் இருக்கும். ஹைட்ரஜனின் எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் இழுக்கப்படுவதால், எலக்ட்ரானைப் பார்க்கும் எக்ஸ் கதிருக்கு அணுவே அருகில் இருப்பதாகப் படுகிறது. அணுக்கருவைப் பார்க்கும் நியூட்ரான் கதிருக்கு இந்த மயக்கம் இல்லை. மும்பையின் டிராம்பேயில் நியூட்ரான் கொண்டு அமினோ அமிலப் படிகங்களின் ஹைட்ரஜன்களை இடம் பிடித்துக் காட்டிய குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், ஹைட்ரஜன் பிணைப்பு பல சமயம் நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கும் என்று வாதிட்டவர். கோணப் பத்தியில் 180-ஐத் தொடாத எண்களைப் பார்த்தபோது அவர் பேசியது எவ்வளவு அடிப்படையான விஷயம் என்று புரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இன்னொரு சாட்சி கேட்கிறார்கள். சில மில்லிகிராம் பொடியை நுண் தராசில் வைத்துச் சூடேற்றினார்கள். மேலே ஒட்டிய ஈரம் முதலிலேயே போய்விடும். அமைப்புக்குள் கட்டுண்ட நீர் நூறு டிகிரியைத் தாண்டித்தான் வெளியேறும். வாய்பாட்டின்படி எல்.ஏ.பி.யின் எடையில் நீரின் பங்கு 6.2 சதவீதம். எடையைக் காட்டும் வளைகோடு அந்த அளவில் ஒரு படி இறங்கி நின்றது. எக்ஸ் கதிர் காட்டிய ஒரு மூலக்கூறும் தராசு காட்டிய ஒரு மூலக்கூறும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

கேம்பிரிட்ஜில் 1965-ல் ஓல்கா கென்னார்டு தொடங்கிய கரிமப் படிகப் பதிவேட்டில் 2019-ல் பத்து லட்சமாவது கட்டமைப்பு ஏறியது. மருந்து செய்பவர்களும் லேசர் செய்பவர்களும் அந்த எண்களை நம்பியே அடுத்த அடி வைக்கிறார்கள். எதிரே வெற்றிடம் என்று ஒரு மேட்டை நீக்குகிற மாணவியின் நேர்மையும், மூலை மினுக்குகிற துணுக்கை ஒதுக்குகிற, கருவியை இயக்குபவரின் கண்ணும் அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த மையத்தில் கருவியை இயக்குபவரின் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. கருவியை ஒரு நிதி ஒதுக்கீட்டில் வாங்கிவிடலாம். அந்தக் கண் பழகப் பல ஆண்டுகள் ஆகும், அவர் வேறு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே அதை இயக்குபவருக்கு நிரந்தரப் பணியிடமும் ஒதுக்க வேண்டும். அப்போதுதான் நம் கல்லூரிகளில் வளரும் படிகங்கள் தம்முடைய சரியான வாய்பாட்டோடு, ஒரு மூலக்கூறு நீரும் விட்டுப்போகாமல், அந்தப் பதிவேட்டில் ஏறும்.