கட்டுப் போடாத காயம்

கையில் கட்டுப் போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தால் எதிர்வீட்டு அம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் வந்து விசாரிக்கிறாள். கழுத்து வலிக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, தையல் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டால், "இல்லை" என்று தலையை ஆட்டக்கூட முடியாது!

எனக்கு அந்த வலி வந்தது ஒரு வாடகைக் காரில். கத்திப்பாராவைத் தாண்டி, சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பின்னால் வந்த வேன் ஒன்று இடித்தது. இடி ஒன்றும் பிரமாதமில்லை. பின்விளக்கு உடைந்ததோடு சரி. வீட்டுக்கு வந்து ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, எல்லோருக்கும் பரிமாறவும் செய்தேன். மறுநாள் காலையில்தான் வினை தெரிந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

இதற்கு ஆங்கிலத்தில் 'விப்லாஷ்' என்று பெயர். அதாவது சாட்டை வீச்சு. 1928-ல் ஹாரல்ட் க்ரோ என்ற அமெரிக்க டாக்டர் வைத்த பெயர் என்கிறார்கள். நம் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அதை ஏழு சின்ன எலும்புகளும் சில தசைகளும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது இருக்கை முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் அகப்பட்ட கழுத்து ஒரு கணம் பாம்பு போல் வளைந்துவிட்டு, அப்புறம் வீசப்படுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கார் இருக்கையின் மேல் தலைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களே, அது சாய்ந்து தூங்குவதற்கல்ல. இந்த வீச்சைத் தடுப்பதற்கு. அமெரிக்காவில் 1969 முதல் புதுக் கார்களின் முன் இருக்கைகளில் அது கட்டாயம். நான் உட்கார்ந்திருந்த பின் இருக்கையில் அது இல்லவே இல்லை.

வலி வந்ததும் வைத்தியர்களும் வந்தார்கள். "நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தால் போதும்" என்றார் பெரியம்மா. மாடி வீட்டுக்காரரோ, "சலூனில் ஒரு ஆள் இருக்கிறான், தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்" என்று கையால் செய்தே காட்டினார். பார்க்கும்போதே எனக்குக் கழுத்து கூசியது.

டாக்டரம்மா முதலில் கேட்டது, கை விரல்கள் மரத்துப் போகின்றனவா என்று. பிறகு கழுத்தின் நடு எலும்பை அழுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் 45 டிகிரி திருப்பச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். "எக்ஸ்ரே வேண்டாம்" என்றார். 1995-ல் கனடாவில் கியூபெக் நிபுணர் குழு ஒன்று இந்தக் காயத்தைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்திருக்கிறது. வெறும் வலியும் விறைப்பும் என்றால் ஒன்று. தொட்டால் நோவு, திருப்பினால் தடங்கல் என்றால் இரண்டு. நரம்பு பாதித்திருந்தால் மூன்று. எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் நான்கு. நான் இரண்டாம் வகுப்பில் தேறினேன்.

சலூன் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றனவாம். வெடுக்கென்று முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதமே வரலாம். அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வம் நம் வீட்டில் நடந்தால்?

"கழுத்துப் பட்டி மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருக்கவும் வேண்டாம், கழுத்து இன்னும் விறைத்துப் போகும்" என்று சொல்லி, பிஸியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். முதல் வாரம் அவள் கழுத்தைத் தொடவேயில்லை. தோளையும் முதுகையும் மட்டும் உள்ளங்கையால் நீளமாக நீவிவிட்டாள். அடுத்த வாரம் தோளிலிருந்து பிடரி வரை. மண்டையோடு கழுத்தில் வந்து சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்து, கட்டி போல் இறுகியிருந்த தசை இளகும் வரை அப்படியே காத்திருப்பாள். முறுக்குவது கிடையாது, சொடுக்குவது கிடையாது.

"அக்கா, நான் நீவிவிடுவதால் மட்டும் குணமாகிவிடாது. வலி கொஞ்ச நேரம் தணிந்திருக்கும். அந்த நேரத்தில் நீங்களே கழுத்தைத் திருப்பிப் பழக வேண்டும். அதுதான் மருந்து" என்பாள்.

அதனால் சமையலறையே என் பயிற்சிக்கூடமாயிற்று. பால் காயும்போது வலப்பக்கம் கடிகாரம், இடப்பக்கம் குழாய். சாதம் வேகும்போது மோவாயை மெல்ல உள்ளே இழுத்து விடுவது. மாவு அரையும்போது தோள்பட்டை இரண்டையும் பின்னால் சேர்ப்பது.

ஒரு மாதம் ஆயிற்று. வலியைவிட எனக்குப் பெரிய பாரமாகிப் போனது வேறொன்று. "இன்னுமா வலிக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்றது. தெருவில் பிரேக் கிறீச்சிட்டால் நெஞ்சு படபடக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தையே நம்பாதவர்கள் நெஞ்சை நம்புவார்களா?

என் மாமியார் அதிகம் பேசாதவர். ஒரு நாள் அந்தப் பெண் நீவுவதைப் பக்கத்தில் நின்று கவனித்தவர், அன்றிரவு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்தார். நான்கு பேரக் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்த கை. விரல்கள் மெதுவாக நகர்ந்து, இடது தோளுக்கு மேலே ஓரிடத்தில் நின்றன.

"இங்கேதானே, அம்மா? கல் மாதிரி இருக்கிறதே! இதை வைத்துக்கொண்டா இத்தனை நாளாகத் தோசை வார்த்தாய்?"

"ஆமாம் அத்தை" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை. பிரேக் சத்தத்தைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து குடத்தைத் தூக்குவது என் வீட்டுக்காரர் வேலை என்று அத்தை தீர்ப்பளித்துவிட்டார். மூன்றாம் மாதம் முடிவதற்குள், பின்னால் யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க முடிந்தது. பலருக்கும் இந்த முதல் மூன்று மாதங்களில்தான் நல்ல குணம் தெரியும். சிலருக்கு வலி நீண்டுபோவதும் உண்டு, அது பாசாங்கல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், கை மரத்துப் போவது, கால் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அப்படி ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குத்தான் என்று டாக்டர் சொன்ன பிறகு நீவிவிடலாம். சொடுக்குகிற கையை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தடவுகிற கைக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள்.