கீரை பீட்சாவும் ஒரு துண்டுத் தமிழும்



2019ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழும் என் தம்பியின் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். முதல் நாள் மாலையே, "அக்கா, நம்மவர்கள் விரும்பிப் போகும் பீட்சா கடை ஒன்று இருக்கிறது, வாங்க" என்று மிஷன் சாலையிலுள்ள ஸான்டே என்ற கடைக்கு அழைத்துச் சென்றான். பக்கத்து மேசைகளில் பல இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தன.

நியூயார்க்கில் இத்தாலிய உணவகத்தில் வேலை பார்த்த தல்விந்தர் முல்தானி என்ற பஞ்சாபியர் 1986இல் இக்கடையை ஏற்று நடத்தத் தொடங்கினார். தக்காளிச் சாற்றுக்குப் பதிலாகக் கீரை மசியலைப் பூசி, காலிபிளவர், கத்தரிக்காய், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி ஆகியவற்றைத் தூவிச் சுட்டுத் தருகிறார்கள். தந்தூரிக் கோழி சேர்த்ததும் உண்டு. கடையின் பெயரோ ஒரு கிரேக்கத் தீவினுடையது! நம் ரொட்டி சானாய் எல்லா இனத்தவருக்கும் காலையுணவாகிவிட்டதை எண்ணிக்கொண்டேன். சுவையும் குறைவில்லை.

அப்பொழுது தம்பியின் ஏழு வயது மகள் என் கையைத் தொட்டு, "அத்தை, எனக்கு இன்னும் ஒரு பீஸ் வேணும்" என்றாள்.

இருபது ஆண்டுப் பழக்கம் என்னை விடவில்லை. "பீஸ் இல்லையம்மா. துண்டு என்று சொல்ல வேண்டும். எங்கே, சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அவள் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தன் தந்தையிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் தம்பி தயங்கியபடியே கூறினான்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பல மாசத்துக்குப் பிறகு இன்னிக்குத்தான் அவ தானா தமிழ்ல பேசினா."

நான் அங்கிருந்த எஞ்சிய ஒன்பது நாள்களில் அவள் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை.

கீரையும் கத்தரிக்காயும் பீட்சாவில் ஏறியதைப் பாராட்டிய நான், ஒரு குழந்தையின் தமிழ் வாக்கியத்தில் ஓர் ஆங்கிலச் சொல் ஏறியதைப் பொறுக்கவில்லை. அவ்வாக்கியத்தில் மற்றச் சொற்கள் யாவும் தமிழே என்பதை என் செவி கேட்கவே இல்லை.

நாடு திரும்பிய பின் வகுப்பில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். "டீச்சர், பென்சில ஷார்ப் பண்ணிட்டேன்" என்று ஒரு மாணவன் வந்தால், இப்பொழுது அவனைத் திருத்துவதில்லை. "அடடே, கூராகச் சீவிவிட்டாயா? காட்டு பார்ப்போம்" என்கிறேன். சரியான சொல் அவன் காதில் விழுகிறது. அவன் பேச்சும் நிற்பதில்லை. சில நாள் கழித்து அவனே "சீவிட்டேன் டீச்சர்" என்கிறான். எழுத்துப் பயிற்சியில் மட்டும் சிவப்பு மை தொடர்கிறது.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் கலந்து பேசினாலும் முதலில் பேசவிடுங்கள். வாய் மூடிக்கொண்ட பின் நாம் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?