கல்லா மண்ணா விளையாட ஒரு இடம்

"அப்பா, இந்த ஊர்ல பசங்களே கிடையாதா?"

குடி வந்த ரெண்டாவது வாரம் எங்க வீட்டு வாண்டு இப்படிக் கேட்டப்போ எனக்குப் பதில் தெரியலைங்க. போன வருஷம் மே மாசம் திருவல்லிக்கேணியைக் காலி பண்ணிட்டு, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து மூணு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கடன்ல வாங்கின ஃபிளாட்டுக்கு வந்தோம். அங்கே இருந்தது சின்னச் சந்துதான். ஆனா வாசல்ல இறங்கினா எதிர்வீட்டு அண்ணன், மாடிவீட்டு அக்கான்னு அவளுக்கு ஏழெட்டு பேர் சேர்ந்துடுவாங்க. பொடிநடையாப் போனா மெரினா. இங்கே காத்து இருக்கு, வெளிச்சம் இருக்கு, வண்டி நிறுத்த இடம் இருக்கு. ஆனா ஆறு வயசுப் பொண்ணு பால்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவையே பார்த்துக்கிட்டு நிக்குறா.

"ஒண்ணு, நல்ல இடமாத் தேடுங்க. இல்லேன்னா தினமும் நீங்களே அவகூட ஓடிப் பிடிச்சு விளையாடுங்க"ன்னு தங்கமணி உத்தரவு போட்டுட்டாங்க. என் தொப்பையை மனசுல வச்சு, முதல் வழியையே தேர்ந்தெடுத்தேன். :)

முதல் பார்க் பார்க்க நல்லாத்தான் இருந்தது. புல்வெளி, எட்டு போட்ட நடைபாதை, வாசல்ல பெரிய போர்டு. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரை பூட்டு. நடைப்பயிற்சிக்கு வர்ற பெரியவங்களுக்கு அது சொர்க்கம். அவங்களைக் குத்தம் சொல்லலை, எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டுலதான் நிக்குது. ஆனா வாண்டு அரைச் சுத்து ஓடுறதுக்குள்ள "பாப்பா, மெதுவா, மெதுவா"ன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. ஓரமா இருந்த தகரச் சறுக்குமரத்துல நிழலே கிடையாது. சாயங்காலம் நாலரைக்குத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லு.

ரெண்டாவது பார்க்ல சாமானுக்குக் குறைச்சல் இல்லை. ஊஞ்சல்தான் ஒத்தைச் சங்கிலியில தொங்குச்சு. அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். மச்சினிச்சியோட ரெண்டு வயசுப் பையனும் கூட வந்திருந்தான். தனியா சறுக்கினா விழுந்துடுவானேன்னு மடியில உக்கார வச்சுக்கிட்டு நானும் சறுக்கினேன். பாதி வழியில அவன் ஷூ பக்கவாட்டுல ஒட்டிக்கிச்சு, கால் பின்னாடி திரும்பிடுச்சு. வீறிட்டு அழுதான் பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. எக்ஸ்ரே எடுத்ததுல வெறும் சுளுக்குதான், தப்பிச்சோம். டாக்டரம்மா சொன்னாங்க: "தனியா சறுக்குற குழந்தையோட கால் மாட்டினா, அது அப்படியே நின்னுடும். பெரியவங்க மடியில இருந்தா உங்க எடையும் வேகமும் சேர்ந்து இழுக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பே உடைஞ்சுடும்." பாதுகாப்புன்னு நினைச்சுப் பண்ணதுதான் ஆபத்து. இதைப் படிக்கிறவங்க ஒருத்தராவது மடியில வச்சு சறுக்குறதை நிறுத்தினா போதும், இந்தப் பதிவு எழுதின பலன் கிடைச்சாச்சு.

மூணாவது இடம் எங்க பத்திரத்துக்குள்ளேயே இருந்துச்சு! மாடியில குடியிருக்குற ஓய்வுபெற்ற இன்ஜினியர் சார் ஒருநாள் மனைப்பிரிவு வரைபடத்தை விரிச்சுக் காட்டினார். சென்னைப் பெருநகர்ப் பகுதியில 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல மனை பிரிச்சா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தைத் திறந்தவெளியா விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரணுமாம். 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்லயும் இது இருக்கு. ஓஎஸ்ஆர் நிலம்னு சொல்றது இதைத்தான். எங்க வரைபடத்துல ரெண்டு தெரு தள்ளிப் பச்சைக் கலர்ல ஒரு கட்டம், நடுவுல "பூங்கா"ன்னு எழுத்து. ஓடிப்போய்ப் பார்த்தேன். காம்பவுண்டு சுவர் இருக்கு, கேட் இருக்கு, பூட்டும் இருக்கு. உள்ளே ஆள் உயரத்துக்குக் கருவேலம். ஒரு ஆடு மட்டும் எப்படியோ உள்ளே போயிருந்தது.

கடைசியில இடத்தைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, தங்கமணி. காய்கறி வாங்கப் போனவங்க, பிள்ளையார் கோயில் பக்கத்துக் காலி மனையில பசங்க சத்தம் கேட்டுட்டு வந்து சொன்னாங்க. போய்ப் பார்த்தா ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. ரெண்டு வேப்பமரம், யாரோ வீடு கட்ட இறக்கின மணல் குவியல், பழைய கருங்கல் நாலஞ்சு, கோயில் திண்ணையில பூ கட்டிக்கிட்டே கவனிச்சுக்கிற மூணு பாட்டிங்க. பத்துப் பதினஞ்சு பசங்க.

வாண்டு என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் நின்னா. "போம்மா"ன்னா தலையை ஆட்டுறா. வற்புறுத்தவும் மனசு வரலை, விட்டுட்டுப் போகவும் மனசு வரலை. அப்போ ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு ஓடி வந்து, "ஏய், கல்லா மண்ணாவுக்கு ஆள் குறையுது, வரியா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். விரல் விட்டுப் போச்சு.

இதுக்கப்புறம்தான் ஆல்டோ வான் ஐக் பத்திப் படிச்சேன். நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர். 1947-லிருந்து 1978 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 700-க்கும் மேல விளையாட்டுத் திடல் வடிவமைச்சவர். அதுல நிறைய, போருக்கு அப்புறம் சும்மா கிடந்த மனைகள்ல வந்தது. அவர் வச்சது மணல் தொட்டி, தாண்டுறதுக்குக் கட்டைக் கற்கள், தொங்குறதுக்குக் கம்பி, உக்கார பெஞ்சு. நம்ம கோயில் மனையேதான், வேப்பமரமும் பூக்கட்டுற பாட்டியும்தான் இல்லை!

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போய் இடம் பார்க்காதீங்க, வேலைநாள் சாயங்காலம் அஞ்சரைக்குப் போங்க. அப்போ பசங்க இல்லேன்னா எப்பவுமே இல்லை. சறுக்குமரத்தைப் புறங்கையால தொட்டுப் பாருங்க. மணல்ல விரலை விட்டுப் பாருங்க. 9 அங்குல மணலே நாலடி உயரத்துலருந்து விழுந்தாத்தான் தாங்கும்னு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட கையேடு சொல்லுது. நம்ம பக்கம் பல இடத்துல ரெண்டு அங்குலத்துலயே சிமெண்ட் தட்டுப்படுது. பெரியவங்க உக்கார நிழல் இருக்கான்னு பாருங்க. அவங்க உக்காந்தாத்தான் பசங்க நிப்பாங்க.

போன வாரம் அந்த மனையில சர்வேக் கல்லு நட்டிருக்காங்க. இடம் யாரோடதோ, கட்டத்தான் செய்வாங்க, கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனா பூட்டிக் கிடக்குற அந்தப் பச்சைக் கட்டம் நம்மளோடது. அதைத் திறந்து முள்ளை வெட்டி விடச் சொல்லி மனு எழுதிட்டேன். ஊஞ்சல், ரப்பர் தரை எதுவும் கேட்கலை. நிழலும் மணலும் போதும்னு எழுதியிருக்கேன். முப்பத்தோரு கையெழுத்து ஆச்சு, பாட்டிங்களோட சேர்த்து.

வாண்டுவும் பென்சில்ல தன் பேரை எழுதினா. அது செல்லாதுன்னு இன்ஜினியர் சார் சொன்னார். அழிக்கலை, அப்படியே திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன். என்ன ஆகுதுன்னு அப்புறம் வந்து சொல்றேன்.