யார் சொல்லி வந்தீங்க?

திருவதிகையில் எங்க தாத்தா பலாப்பழம் விற்கிறார். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஆள் வந்தால் முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" தெரிந்தவர் பெயரைச் சொன்னால்தான் உள்ளேயிருக்கும் நல்ல பழம் வெளியே வரும்.

போன மாதம் வகுப்புக்கு இணையதளம் செய்தபோது நானும் அதைத்தான் செய்தேன். ஓர் இணைப்பைச் சொடுக்கி வந்தால், எங்கிருந்து வருகிறோம் என்பதை பிரவுசரே 'ரெஃபரர்' என்று சொல்லிவிடும். (1996-இல் வந்த எச்.டி.டி.பி. விதிகளில் இந்தச் சொல்லில் ஓர் 'ஆர்' விட்டுப்போச்சு. இன்றும் அப்படியேதான் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்கிறாங்க!) ஆசிரியர்கள் தளத்திலிருந்து வந்தால் மட்டும் மெனுவில் 'மதிப்பெண்கள்' தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

முகவரியை நேராகத் தட்டி வந்த சாருக்கே மெனு தெரியல. அதுகூடப் பரவாயில்லை. ஒருவன் அந்தப் பக்கத்தின் முகவரியை யூகித்து அடித்து உள்ளே போய்விட்டான். என் பெஞ்சு நண்பனின் கணக்கு மார்க் 31-ஐ இடைவேளையில் சத்தமாக வேறு படித்தான்.

மெனுவை மறைத்தேனே தவிர, பக்கத்தைப் பூட்டவே இல்லை. இப்போது பாஸ்வேர்டு போட்டாச்சு. தாத்தாவிடம் சொன்னேன். "பொய்ப் பேரைச் சொல்லி எங்கிட்டயும்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

நண்பனுக்குப் பலாச்சுளை கொண்டுபோனேன். வாங்கிக்கிட்டான். இன்னும் சரியாப் பேசல.

– 11-ஆம் வகுப்பு மாணவன்