தயிர் சேர்த்த பச்சை

ஜூன் 3, செவ்வாய்

இன்று வாங்கிய பாலக்கீரைக் கட்டின் அடியில் ஈரமண் அப்பியிருந்தது. வாழைநாரை அவிழ்த்து, இலை இலையாகக் கிள்ளி, அகலப் பாத்திரத்தில் அலசினேன். மூன்றாம் தண்ணீரிலும் மணல் தங்கியது. மசியலுக்கு என்றால் இதற்கு மேல் கவலைப்பட மாட்டேன். மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது அந்தக் காவல் இல்லை. 2006இல் கலிபோர்னியாவில் விளைந்து பையில் அடைத்து விற்ற பாலக்கீரையால் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி பரவியது. சுமார் 200 பேர் நோயுற்றார்கள், சிலர் இறந்தே போனார்கள். கழுவினால் கிருமி குறையும், அடியோடு போகாது. நகரத்து ஓரங்களில் சாக்கடை கலந்த தண்ணீர் பாயும் கீரைப் பாத்திகளை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஸ்மூத்திக்கு வேண்டிய இலை மாடித் தொட்டியிலிருந்து வருவதுதான் எனக்கு நிம்மதி.

ஜூன் 5, வியாழன்

மகள் காலையில் ஒரு கட்டு முழுவதையும் மிக்ஸியில் திணித்தாள். கூடவே ஒரு வாழைப்பழம், தண்ணீர். "இவ்வளவு எதுக்குடி?" என்றேன். "நிறையப் போட்டாத்தானேம்மா சத்து" என்றாள்.

இங்கேதான் எனக்கு வருத்தம். ஒரு கட்டுக் கீரையை வேகவைத்தால் ஒரு கிண்ணம் வரும். அதை நாலு பேர் சோற்றில் பிசைந்து சாப்பிடுவோம். மிக்ஸியில் அரைத்தால் அத்தனையும் ஒரே வயிற்றுக்குள், இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. பச்சை இலையை மென்று தின்றால் தாடை வலித்து நாமே நிறுத்தியிருப்போம். 100 கிராம் பாலக்கீரையில், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் பல நூறு மில்லிகிராம் இருக்கிறது. பாலக்கீரை தின்றபின் பல்லில் ஒரு கரகரப்பு ஒட்டுமே, அதற்குக் காரணம் இதுதான். வேகவைத்து நீரை வடித்தால் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு வெளியேறிவிடும். பச்சையாகக் குடித்தால் எல்லாம் உள்ளே. உடம்பைச் சுத்தம் செய்வதாக நம்பிப் பச்சை ஸ்மூத்தியாகவே குடித்து, சிறுநீரகம் பழுதான 65 வயதுப் பெண்மணியைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2018இல் எழுதினார்கள். அவருக்கு ஏற்கெனவே இரைப்பை அறுவை நடந்திருந்தது, ஆன்டிபயாடிக்கும் எடுத்திருந்தார். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் சிறுநீரகக் கல் வந்த வீட்டில் தினம் ஒரு கட்டு என்பது சரியில்லை என்பதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று செய்தது நன்றாக அமைந்தது, எழுதிவைக்கிறேன். கைப்பிடி பாலக்கீரை, அதில் பாதி புதினா. முதலில் இலையை மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரைக்க வேண்டும். பழத்தோடு சேர்த்துப் போட்டால் இலை ஜாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நார் நாராக நிற்கும். பிறகு ஒரு கப் கெட்டித் தயிர், பழுத்த மாம்பழத் துண்டு, கடைசியில் எலுமிச்சைச் சாறு. ஜாரின் மூடியைத் திறந்ததும் புதினா வாசம் முதலில் வந்தது, அதன் பின்னால் பச்சை இலையின் மண் வாசம்.

தயிரை நான் விட மாட்டேன். பாலக்கீரையில் கண்ணுக்கு நல்லதென்று சொல்லப்படும் லூட்டீன் கொழுப்பில் கரைவது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் கீரையை வறுத்தும் வேகவைத்தும் அரைத்தும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேரம் போகப் போக, சூட்டில் லூட்டீன் சிதைந்தது. பச்சையாக நறுக்கி அல்லது அரைத்து, கொழுப்புள்ள பால், தயிர் போன்றவற்றோடு சேர்ப்பது நல்லது என்றார்கள். தயிரிலுள்ள கால்சியமோ குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேரும் அளவைக் குறைக்கிறது. ஒரே கப் தயிர் இரண்டு வேலை செய்கிறது. பாலக்கீரையில் கால்சியம் இருக்கிறதே என்று தயிரை விடுவதும் வீண். அந்தக் கால்சியத்தில் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம்.

சிறுகீரையையும் முளைக்கீரையையும் பச்சையாக அரைப்பதில் எனக்கு விருப்பமில்லை. தண்டும் நாருமாக, அவை சட்டிக்கென்றே வளர்ந்தவை. கொத்தமல்லி, புதினா, வல்லாரை எல்லாம் துவையலாகப் பச்சையாகவே நம் நாக்கில் பழகியவை. அந்த வரிசையிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் போதும்.

ஜூன் 14, சனி

மாமாவுக்கும் ஸ்மூத்தி ஆசை வந்துவிட்டது. இதய வால்வு மாற்றியதிலிருந்து அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். 100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் வைட்டமின் கே 480 மைக்ரோகிராம் அளவுக்கு உண்டு. அது அந்த மாத்திரையின் வேலைக்கு எதிரே நிற்கும். மருத்துவரைக் கேட்டேன். கீரையை ஒதுக்க வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருக்கட்டும், திடீரென்று கூட்டினால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கலைந்துவிடும் என்றார்.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு அந்தப் பச்சை டம்ளர் கிடையாதாம்மா?"

"வெள்ளரிக்காய், இஞ்சி போட்டு மோர் அடிச்சுத் தரேன் மாமா."

"சரி. புதனும் சனியும் வைக்கிற மசியலை மட்டும் நிறுத்திடாதே."