கதவுப் பட்டையும் அதன் கீழிருந்த துளையும்

தியாகராய நகரின் உட்தெருக்களில் கார் நிறுத்தும் குடும்பங்களுக்குக் கதவுப் பட்டையின் அருமை தெரியும். கதவின் நடுவே நீளவாக்கில் ஓடும் அந்தப் பிளாஸ்டிக் பட்டையைக் கடைகளில் சைடு பீடிங் என்பார்கள். அழகுக்காக ஒட்டப்படுவதுதான், ஆயினும் பக்கத்து வண்டியின் கதவு திறக்கும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வதும் அதுவே. ரமளானின் கடைசிப் பத்தில் உஸ்மான் சாலைக்குத் துணியெடுக்க வருவோரின் வண்டிகள் எங்கள் தெருவரை வந்து நிற்கும். பெருநாள் கழிந்து பார்த்தால் எங்கள் காரில் இரண்டு புதுக் கீறல்களாவது இருக்கும்.

அந்தக் கார் அத்தா 2004-இல் வாங்கிய சான்ட்ரோ. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் உருவான வண்டியாதலால் சென்னைவாசிகளுக்கு அது சொந்த ஊர்ப் பிள்ளை. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2019-இல் முதல்முறை புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆகிவிட்டதால் 2024-இல் அதைச் செலுத்தினோம். அடுத்த ஆண்டே அத்தாவுக்குக் கண்பார்வை மங்கியது. இரவில் எதிரே வரும் விளக்குகள் பூப்பூவாய்த் தெரிகின்றன என்றார். சாவியை அவரே எங்களிடம் கொடுத்துவிட்டார். கணவன் மனைவி இருவரும் அலுவலகத்துக்கு மெட்ரோவில் செல்பவர்கள். ஆகவே காரை விற்றுவிட முடிவு செய்தோம்.

விற்கும் வண்டியை விளக்கி வைப்பது வழக்கம். இடப்புறப் பின்கதவின் பட்டை என்றோ உதிர்ந்துபோயிருந்தது. மற்ற மூன்றும் வெயிலில் வெளுத்திருந்தன. நால்வகைக் கதவுக்கும் புதிது வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தத் தெரு முழுவதும் காருக்கு அலங்காரம் செய்யும் கடைகள்தாம்: இருக்கை உறை, மழைத் தடுப்பு, குரோமியப் பட்டை என எதுவும் கிடைக்கும். (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. மோதலில் நடந்துபோகிறவரை அவை அதிகம் காயப்படுத்தும் என்பது காரணம்.)

கடைக்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். பட்டை உதிர்ந்த கதவின் கீழ்ப்பகுதியில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. திருப்புளியின் முனையை மெல்ல வைத்தார். அது உள்ளே போய்விட்டது. துரு தகட்டைத் தின்றிருந்தது.

"பாய், இதுக்கு நாலு அங்குல பட்டை இருக்கு. கொஞ்சம் இறக்கி ஒட்டிட்டா ஓட்டையே தெரியாது. அறுநூறு ரூபாதான்" என்றார். அவர் சொன்னதில் கள்ளம் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. நாள்தோறும் நூறு பேர் கேட்பதை அவர் கேட்காமலேயே கொடுத்தார், அவ்வளவே.

இந்தத் துளை எப்படி வருகிறது என்பதைப் பழைய கார் வைத்திருப்போர் அறிந்துகொள்வது நல்லது. சன்னல் கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகி, மழைநீரைக் கதவுக்குள் விடும். அந்த நீர் வெளியேறவே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் சிற்றிலைகள் உள்ளே விழுந்து மக்கி அத்துளைகளை அடைத்துவிடும். நீர் உள்ளேயே தேங்கும். கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, தகடு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் உறை உண்டு. அதுவும் கிழிந்துவிட்டால் நீர் இருக்கைக்கு முன்னாலுள்ள தரைவிரிப்புக்கே வரும். எங்கள் வண்டியில் அதுவும் நடந்திருந்தது. இதன்மேல் பட்டையை ஒட்டினால் ஈரமும் துருவும் அப்படியே உள்ளிருக்கும். துரு பிடித்த பரப்பில் பசை நிற்காது என்பது வேறு.

பட்டையை வாங்கினோம்; ஒட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரவு உணவுக்குப் பின் எங்களுக்குள் வாக்குவாதம். "பட்டை என்பது வண்டியோடு வந்த உறுப்பு, உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டுவது எப்படிப் பொய்யாகும்? இருபது வருட வண்டியில் துரு இருக்காது என்று வாங்குபவர் நினைப்பாரா?" என்றது ஒரு தரப்பு. "நாலு அங்குலம் எதற்கு? பழையது இரண்டு அங்குலந்தானே?" என்றது மறுதரப்பு. எது யாருடைய தரப்பு என்பது இங்கே வேண்டாம்.

அத்தா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்களைப் பற்றி முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தியைச் சொன்னார். ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகிறார். பார்ப்பதற்குக் கொழுத்து நலமாக இருக்கிறது. வாஸிலா (ரலி) மேலாடை தரையில் இழுபட அவர் பின்னால் விரைந்து, இது பயணத்துக்கா இறைச்சிக்கா என்று கேட்கிறார். ஹஜ்ஜுக்குப் போக என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று வாஸிலா (ரலி) சொல்லிவிடுகிறார். விற்றவருக்குக் கோபம்: என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே! குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவருக்கும் ஆகாது, அறிந்தும் சொல்லாதிருப்பது மற்றவருக்கும் ஆகாது என நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டிருப்பதாக அவர் பதிலளிக்கிறார். பால் கறக்காமல் மடியைப் பெருக்கவைத்து ஆட்டை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை நாங்கள் முன்பே அறிவோம். எங்களைத் தொட்டது இந்த ஒட்டகச் செய்தியில் வரும் கேள்விதான். இறைச்சிக்கென்றால் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டே அல்ல. பயணத்துக்கென்றால் அதுவே முழு ஒட்டகமும்.

காரைக் கேட்டிருந்தவர் ஒரு துணிக்கடை ஊழியர்; ஜும்ஆவில் பழக்கமானவர். அவரை வரச்சொல்லி, வண்டி எதற்கு என்று கேட்டோம். தாயாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து வரும்போது காலை நீட்டிப் பின்னிருக்கையில் சாய வேண்டும். எந்தப் பக்கம் ஏறுவார் என்றதற்கு, சாலையோரம்தானே இறங்க முடியும், இடப்பக்கம்தான் என்றார்.

கதவைக் காட்டினோம். திருப்புளி போன இடத்தையும், விரிப்பைத் தூக்கி ஈரத்தையும் காட்டினோம். சற்றுநேரம் குனிந்தே இருந்தார். "வேற எங்கயாச்சும் இருக்கா மாமா?" என்று அத்தாவிடம் கேட்டார். இல்லை என்று அத்தா சொன்னதை அவர் நம்பினார். கீழே படுத்துப் பார்க்கவில்லை.

டிங்கர் வேலைக்கு 7,500 ரூபாய் கேட்டார்கள்: அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு, பட்டி, வண்ணம். அதை விலையில் கழித்துக்கொண்டோம். சொன்ன விலையிலிருந்து அது கணிசமான தொகைதான், மறைத்திருந்தால் நின்றிருக்கும். நான்கு அங்குலப் பட்டையைக் கடையில் மாற்றி இரண்டு அங்குலம் வாங்கினோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார்.

வண்ணம் நன்கு உலர்ந்தபின் அவருடைய வீட்டு வாசலிலேயே சேர்ந்து ஒட்டினோம். மற்ற கதவுகளின் பழைய பட்டைகளை முடி உலர்த்தியால் சூடாக்கி, மீன்பிடி நரம்பைப் பின்னால் கொடுத்து அறுத்தெடுத்தோம். மிச்சப் பசையை மண்ணெண்ணெயால் துடைத்து, அந்த எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்தோம். நான்கு கதவிலும் ஒரே உயரம் வர, காகித டேப்பால் முதலில் கோடு பிடித்தோம். ஒரு முறை ஒட்டியதைப் பிரித்தால் பிடிமானம் போய்விடும் என்பதால் அவர் ஒரு முனையைப் பிடிக்க நாங்கள் மறுமுனையிலிருந்து அழுத்திக்கொண்டே போனோம். கதவின் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாதம் ஒருமுறை அப்படிச் செய்யச் சொன்னோம்.

தாயார் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது, கழுவித் துடைத்தால் இன்னும் மின்னும் என்றார். பசை முழுப் பிடிமானம் பெற 72 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் படவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.