நீலம் எங்கே போயிற்று?

தில்லியில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வாழும் எனக்கு இரவு வானம் என்பது பெரும்பாலும் புத்தகத்தில் காணும் பொருளாகிவிட்டது. அப்படிப் படித்தவற்றுள் மனத்தை விட்டு அகலாத ஒன்று, தொலைதூர நீல மண்டலங்களின் வரலாறு.

பல்லாயிரங்கோடி விண்மீன்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அத்தகைய மண்டலங்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழும் இடம் கொத்து. கோமா என்னும் கொத்தின் ஒளி நம்மை எட்ட ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் வானியலார்க்கு அது அண்டை வீடு. அதன் நடுப்பகுதியில் உள்ளவை பெரும்பாலும் நீள்வட்ட வடிவினவும் வில்லை வடிவினவுமே, நிறமோ செம்மஞ்சள். நீலம் இளமையின் நிறம். வெப்பம் மிக்க நீல விண்மீன்கள் விரைவில் எரிந்து தீர்வதால், ஒரு மண்டலம் நீலமாகத் தெரிந்தால் அங்கே இன்னும் பிறப்பு நிகழ்கிறது என்று பொருள்.

1978-இல் ஹார்வி புட்சர், அகஸ்டஸ் ஓம்லர் என்னும் இருவர், 400 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் புறப்பட்ட ஒளியை ஆராய்ந்து, அக்காலத்துக் கொத்துகளில் நீல மண்டலங்கள் மிகுந்திருந்தன என்றனர். 1984-இல் 33 கொத்துகளை ஆராய்ந்தபோதும் அதுவே புலப்பட்டது. அண்மைக் கொத்துகளில் நூற்றுக்குச் சிலவே நீலம். அத்தொலைவிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இடையில் தற்செயலாகத் தோன்றும் அயல் மண்டலங்களோ என்ற ஐயத்தை நிறமாலை ஆய்வுகள் பெரிதும் போக்கின. வடிவந்தான் தெரியவில்லை, நம் காற்றுமண்டலம் அவற்றை வெறும் புள்ளிகளாகக் கலைத்துவிட்டது. 1993 இறுதியில் பழுது நீக்கப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி அந்தக் குறையைத் தீர்த்தது. நீல மண்டலங்களுட் பல, நம் பால்வழியைப் போன்ற சுருள்களே! சிலவற்றின் உருவம் குலைந்தும் இருந்தது. அங்கே வில்லை வடிவின குறைவு, இங்கே மிகுதி. அன்றைய சுருள்களே இன்றைய வில்லைகளாயின என்று பலர் கருதுகின்றனர்.

வடிவமும் நிறமும் பிறவியில் அமைந்தனவா, வாழும் இடத்தால் வந்தனவா? வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளில் வேறு சொற்களில் நாள்தோறும் எழும் வினாத்தான். ஒப்புமையை மிகவும் நீட்ட எனக்கு விருப்பமில்லை; மண்டலம் தானே விரும்பிக் கொத்துக்குள் வருவதில்லை, ஈர்ப்பினால் விழுகிறது. எனினும் வானியலாரின் விடையில் இரண்டுக்கும் பங்குண்டு என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. நீள்வட்டங்கள் மிகப் பழங்காலத்திலேயே உருப்பெற்றவை. சுருள்களை மாற்றியதில் இடத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

கொத்து முழுவதும் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள மெல்லிய வாயு நிறைந்துள்ளது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் பாய்ந்து வரும் சுருளுக்கு அது எதிர்க்காற்று. சுருளின் வாயுவை அது உரித்துவிடும் என்பதை 1972-லேயே கன், காட் என்போர் விளக்கினர். அயல் மண்டலங்கள் கடந்து செல்கையில் உலுக்குவதும் உண்டு. வாயு போனபின் பிறப்பு நின்று, நீலம் மங்கும்.

ஆனால் உரிக்கப்பட்ட வாயு அனைத்தும் வீணாவதில்லை. நார்மா கொத்தில் விழுந்துகொண்டிருக்கும் சுருள் ஒன்றை ஹப்பிள் படத்தில் கண்டேன். அதன் பின்னால் வாயு நீண்ட வாலாகத் தொங்குகிறது. அவ்வாலில், தாய் மண்டலத்திற்கு வெளியே, புதிய விண்மீன்கள் நீலக் கீற்றுகளாகப் பிறந்துகொண்டிருக்கின்றன.